ஏழு வருஷம் சும்மா கெடந்த ஸ்ப்ளெண்டர், அதுக்கப்புறம் ஓட்டுன 14,000 கிலோமீட்டர்

அப்பாவோட வண்டிங்க இது. 2003 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், கருப்பு கலர். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துல மேஸ்திரியா இருந்தப்ப தெனமும் அதுலதான் போய் வருவாரு, முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கிக்கர் ஒதைக்க முடியல, 2015ல தோட்டத்து வீட்டுச் சாய்ப்புல நிறுத்துனாரு, 2022 வரைக்கும் அப்படியே நின்னுருச்சு. மலைமேல பனியும் மழையும் சேர்ந்தா துணி காயவே ரெண்டு நாளாகும், இரும்பு என்னா பாடு பட்டுருக்கும்னு பாத்துக்கங்க. எடைக்குப் போட்டுறுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மனசு வரல, அந்த டேங்க் மேல உக்காந்துதான் நான் ஸ்கூலுக்குப் போயிருக்கேன்.

இப்ப மூணு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். பழைய வண்டிய எடுக்கலாம்னு நெனைக்கறவங்க எல்லாரும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகுற நாளைத்தான் நெனைச்சுட்டு இருக்காங்க, அது பெரிய விஷயமே இல்லைங்க. வேலையும் செலவும் அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா வரும், அதனாலதான் இதை எழுதுறேன்.

டாட்டா ஏஸ்ல ஏத்தி குப்பனூர் ரோடு வழியா அயோத்தியாப்பட்டணத்துக்கு எறக்குனோம். அம்மாபேட்டைல ஒரு மெக்கானிக் அண்ணா வந்து பாத்தாரு, மொத வார்த்தையே "தம்பி, கிக்கர்ல கால் வெச்சுராதீங்க"ன்னாரு. போர், அதாவது பிஸ்டன் ஓடுற உருளை உள்ள துரு புடிச்சிருந்தா பிஸ்டன் ரிங் அத அப்படியே கீறி விட்டுரும், அப்புறம் அத கடைஞ்சு ரீபோர் பண்ண லேத்துக்குத்தான் போகணும். பிளக்கக் கழட்டி அந்த ஓட்டை வழியா கொஞ்சம் இஞ்சின் ஆயில் ஊத்தி ஒரு ராத்திரி விட்டோம், மறுநாள் டாப் கியர் போட்டு பின் சக்கரத்த கையால மெதுவா முன்னும் பின்னும் அசைச்சு அசைச்சுத்தான் பிஸ்டன் நகந்துச்சு. பழைய ஆயில எறக்குனா பால் காப்பி கலர்ல வந்துச்சு, ஈரம் கலந்துட்டா அப்படித்தான் ஆகும். புது ஆயில் ஊத்தி 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு அதையும் கீழ எறக்கிருங்க, இந்த இஞ்சினுக்கு ஒரு லிட்டரே போதும், அதுல மிச்சம் புடிக்காதீங்க.

ஏர் ஃபில்டர் டப்பாக்குள்ள எலி கூடு, சைலன்சர் வாயில குளவி மண்ணு வெச்சு அடைச்சிருந்துச்சு. கார்புரேட்டர் அடியில பெட்ரோல் தங்குற ஃப்ளோட் கிண்ணத்த தொறந்தப்ப பெட்ரோல்னு ஒண்ணும் இல்ல, அடியில பச்சையும் பழுப்புமா அரக்கு மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு, நகத்தால சொரண்டுனா கூட வரல. ஐட்லிங்குக்கு பெட்ரோல் விடுற பைலட் ஜெட் ஓட்டை சுத்தமா மூடிருச்சு. அதுக்குள்ள கம்பிய விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டர் குடுக்காம இஞ்சின் சும்மா ஓடுறது, எப்பவுமே சீரா இருக்காது. கார்ப் கிளீனர் அடிச்சு ஊற வெச்சு காத்து புடிச்சாத்தான் சரி. டேங்குக்கு வினிகர் ரொப்பி ரெண்டு நாள் வெச்சு, ஒரு கை அளவு இரும்பு நட்டு உள்ள போட்டுக் குலுக்குனோம், அப்புறம் சோடா உப்பு தண்ணில அலசி அன்னிக்கே வெயில்ல காய வெச்சோம். பாத்ரூம் ஆசிட் ஊத்தலாம்னு ஒருத்தர் சொன்னாரு, வேண்டவே வேண்டாம், தகரத்தையே தின்னு ஓட்டை போட்டுரும்.

இப்ப நான் பண்ண தப்பு. பின் பிரேக் ஷூ தடிமனாத்தான் இருந்துச்சு, சரி அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டேன். ரெண்டாவது மாசம் ஏற்காடு போயிட்டு எறங்கறேன், மொத்தம் 20 கொண்டை ஊசில பாதி தாண்டியிருக்கும், பெடல அமுத்துனதும் கரக்னு ஒரு சத்தம், சக்கரம் ஒரு நொடி இறுகிட்டு விட்டுருச்சு, அப்புறம் பெடல்ல பிடிப்பே இல்ல. முன் பிரேக்கும் ஃபர்ஸ்ட் கியரும் வெச்சு உருட்டி செவுத்து ஓரமா நிறுத்துனேன், கை நடுங்குறது நிக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. வீட்ல வந்து டிரம்மத் தொறந்தா ஷூ மேல ஒட்டியிருக்கிற லைனிங் முழுசா காஞ்ச தென்னம்பட்டை மாதிரி தனியா கழண்டு கெடக்கு, அது ஒட்டியிருந்த அலுமினியத்துல வெள்ளையா பொடி பூத்துருக்கு. ஈரத்துல பசை விட்டுருச்சு. தடிமன் எவ்வளவு இருந்தா என்ன, வருஷக்கணக்குல நின்ன வண்டின்னா ரெண்டு ஷூவும், டயரும், டியூபும், பிரேக் கேபிளும் மொதல்ல மாத்திருங்க, இஞ்சினப் பத்தி அப்புறம் யோசிங்க. மலை எறங்கறப்ப நான் இப்ப செகண்ட் கியர விட்டு மேல போறதில்ல, டிரம் சூடானா பிடிப்பு கொறையும்.

ஸ்பேர்ஸ் கஷ்டமே இல்ல. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிஞ்சு இத்தனை வருஷம் ஆகியும் அதே 97.2 சிசில ஸ்ப்ளெண்டர் இன்னும் வந்துட்டுத்தான் இருக்கு, அதனால செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட், கோன் செட் எல்லாம் டவுன்லயே கெடைச்சுது. மொத்தமா மொத வருஷம் எனக்கு 17,000 ரூபாய் கிட்ட ஆச்சு, அதுல இஞ்சினுக்கு போனது கால்வாசி கூட இல்ல.

ஆர்சி 15 வருஷம் முடிஞ்சு போயிருந்துச்சு. ரினீவல் பண்ணா அஞ்சு வருஷம் தருவாங்க, 2022 ஏப்ரல்ல டூவீலருக்கு ஃபீஸ் 1000 ரூபாய் ஆக்குனாங்க, பசுமை வரி தனி. சேஸிஸ் நம்பர் மேல துரு மூடியிருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்தே அழிஞ்சுரும், மண்ணெண்ணெய் தொட்டு துணியால தொடைச்சுத் தொடைச்சு எடுங்க, நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சிலால தேச்சு எடுக்குற பிரிண்ட் தெளிவா விழணும்.

இன்னொண்ணு, சேலத்துல டியூன் பண்ண வண்டி ஏற்காட்டுல கொஞ்சம் மந்தமாத்தான் இழுக்கும். மேல கிட்டத்தட்ட 1500 மீட்டர், காத்து லேசு, பெட்ரோல் அதிகமாகி பிளக் கருப்பு புடிக்கும். அதுக்காக மேல வெச்சு கார்புரேட்டர் ஸ்குரூவ திருப்பி காத்த கூட்டிட்டீங்கன்னா கீழ வந்ததும் இஞ்சின் கொதிக்கும். கீழ வெச்ச டியூனிங்க தொடாம விட்டுருங்க.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததுல இருந்து பழைய ரப்பர் பைப் ஊறி மெத்துன்னு ஆயிருச்சு, கார்ப் கேஸ்கெட்டும் போச்சு, ரெண்டும் மாத்திட்டேன். வாரத்துக்கு மேல நிறுத்தறதா இருந்தா பெட்ரோல் டேப்ப மூடிட்டு இஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஐட்லிங்ல விட்டுருவேன், கிண்ணத்துல பெருசா ஒண்ணும் தங்காது.

இன்னிக்கு நெலமைக்கு சமவெளியில லிட்டருக்கு 60 கிலோமீட்டர் குடுக்குது, ஒரே ஒதையில எடுக்குது. போன மாசம் அப்பாவ பின்னாடி வெச்சு நாகலூர் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன், தோட்டத்து கேட்டு கிட்ட எறங்கி டேங்க ஒரு தடவ தடவிப் பாத்தாரு, ஒண்ணும் பேசல. வர்றப்ப முன் ஃபோர்க்குல எண்ணெய் கசியறத அவருதான் மொதல்ல பாத்துச் சொன்னாரு. சீல் வாங்கி வெச்சாச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை கழட்டணும்.