கார்ல் வின்சனுக்காகப் பார்த்த கப்பல்: கார்ப்பஸ் கிறிஸ்டி லெக்சிங்டன் அருங்காட்சியகம்

ஹூஸ்டனிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம். டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டி விரிகுடாவில் யூ.எஸ்.எஸ். லெக்சிங்டன் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் 1992 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. முதல் தடவை மகளுக்கு விமானங்களைக் காட்டப் போனேன். இரண்டாம் தடவை கார்ல் வின்சன் என்ற ஒரு மனிதருக்காகப் போனேன்.

அவர் மாலுமி இல்லை, வக்கீல். ஜார்ஜியா மாநிலத்தில் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும் மில்லெட்ஜ்வில் ஊர்க்காரர். 1914-இல் அமெரிக்கக் கீழவைக்குப் போனவர், 1965 வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். 1931-இல் கீழவையின் கடற்படைக் குழுவுக்குத் தலைவரானார். பொருளாதார மந்தம் நாட்டை அழுத்திக்கொண்டிருந்த காலம், புதுக் கப்பலுக்குப் பணம் கேட்டால் யாரும் காது கொடுக்காத காலம். ஆனாலும் 1934-இல் ஒரு சட்டம், 1938-இல் இன்னொன்று என்று படிப்படியாகக் கொண்டுவந்தார். 1940 ஜூன் 14-இல் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தது. அதற்கு அடுத்த மாதமே, ஜூலை 19-இல், கடற்படையை 70 சதவீதம் பெரிதாக்கும் 'இரு பெருங்கடல் கடற்படைச் சட்டம்' கையெழுத்தானது. 18 விமானந்தாங்கிகள், 15,000 விமானங்கள் என்று அதில் இருந்தது.

லெக்சிங்டனைக் கட்ட உத்தரவு போனது 1940 செப்டம்பர் 9-இல். அடிக்கட்டை வைத்தது 1941 ஜூலை 15. பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் ஜப்பானியர் குண்டு விழுந்து அமெரிக்கா போரில் இறங்கியது அதே ஆண்டு டிசம்பரில். கப்பல் சேவைக்கு வந்ததோ 1943 பிப்ரவரி 17. இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் உள்ளே போனேன். நான் கப்பல் பட்டறையில் வெல்டிங் பரிசோதனை செய்பவன். ஒரு சின்னப் பார்ஜுக்கே தகடு வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கப்பல் தேவைப்படும் அன்று உட்கார்ந்து யோசித்தால் கப்பல் வராது என்பதை ஒவ்வொரு வேலையிலும் பார்க்கிறேன். வின்சனுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

சரி, கப்பலுக்கு வருவோம். முன்பகுதியில் நங்கூரச் சங்கிலி கிடக்கும் தளத்தில் மட்டும் அரை மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு வளையமும் என் தொடை கனம். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து அடித்து ஓரங்கள் மழுங்கிப் போயிருக்கின்றன. மகள் ஒரு வளையத்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை யாரு தூக்குவாங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த ராட்சத உருளையைக் காட்டினேன். சுவர்த் தகடுகளின் சேர்ப்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். எண்பது ஆண்டு ஆகியும் கோடு ஒரே சீராக ஓடுகிறது. மாசசூசெட்ஸின் குவின்சி ஊரில் உள்ள ஃபோர் ரிவர் பட்டறையின் கைவேலை அது. கப்பலுக்கு முதலில் வைத்த பெயர் கேபட். அதே பட்டறையில் கட்டிய பழைய லெக்சிங்டன் 1942 மே மாதம் பவளக்கடல் போரில் மூழ்கியதும், அந்தப் பெயரை இதற்கு வையுங்கள் என்று தொழிலாளர்களே மனு கொடுத்து மாற்ற வைத்தார்கள். பட்டறைக்காரனாக எனக்குக் கண் கலங்கிய இடம் இது.

மேல்தளத்தில் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன, எஃப்-14 உட்பட. பிள்ளைகளுக்கு அங்கேதான் கொண்டாட்டம். நான் பார்த்தது 'தீவு' என்று சொல்லும் மேற்கட்டில் வரைந்திருக்கும் ஜப்பானியக் கொடியை. 1944 நவம்பர் 5-இல் தற்கொலை விமானம் வந்து மோதிய இடம். சுமார் 50 பேர் இறந்தார்கள். தீயை அணைத்துவிட்டுக் கப்பல் தொடர்ந்து இயங்கியது.

கீழே சமையலறைப் பக்கம் போனபோது மனசு கனத்தது. 1942 நடுப்பகுதி வரை கறுப்பின இளைஞர்கள் கடற்படையில் சேர்ந்தால் சமையல், பரிமாறல் வேலைதான். அதற்குப் பிறகும் போர்க்கப்பல்களில் பெரும்பாலோர் அந்த வேலையிலேயே இருந்தார்கள். வின்சன் இதற்கு எதிராக நின்றவர் இல்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை தொடர வேண்டும் என்று 1956-இல் தென்மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. எனக்குப் பிடித்த மனிதர்தான், ஆனாலும் அந்தக் கையெழுத்தை நான் மறைக்க மாட்டேன். மகளிடமும் அங்கேயே நின்று சொன்னேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அம்புக்குறி பார்த்து நாமே சுற்றலாம். நிதானமாகப் பார்க்க நான்கு மணி நேரம் வேண்டும். ஏணிப்படிகள் செங்குத்து, கதவு நிலைகள் முழங்கால் உயரத்துக்கு இருக்கும், முட்டி வலி உள்ள பெரியவர்கள் விமானக் கூடத்தோடும் மேல்தளத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். கோடையில் மேல்தளம் தோசைக்கல் மாதிரி காய்கிறது, அதனால் காலையில் முதலில் அதை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் கீழே இறங்கிவிடுங்கள்.

எங்களுக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலரும் தகும். கிளம்பும்போது மகள் அந்தத் தேதித் தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். வழியில் கணக்குப் போட்டு, உத்தரவுக்கும் கப்பலுக்கும் நடுவே இரண்டு வருஷம் ஐந்து மாசம் என்றாள். பிறகு, "அவர் பேர்ல கப்பலே இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறது, விமானந்தாங்கி எண் 70. 1980-இல் அதைத் தண்ணீரில் இறக்கியபோது வின்சனே வந்திருந்தார், 96 வயதில்.