அடாலசென்ஸ்: கட் பண்ணாத கேமரா யார காட்டுது, யார விட்டுடுது

அடாலசென்ஸ் சீரிஸ் பத்தி யாரு பேச ஆரம்பிச்சாலும் முதல்ல சொல்றது "ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட்டாம்பா"ங்கறதுதான். நாலு எபிசோடு, நாலு ஷாட், நடுவுல ஒளிச்சு வச்ச ஒட்டு எதுவும் கிடையாது, அதெல்லாம் நெஜம்தான். ஆனா இத கேட்டுட்டே பாதி பேரு ஏதோ கேமரா சர்க்கஸ் போலன்னு ஒதுக்கிட்டாங்க, மீதி பேரு அந்த சர்க்கஸுக்காகவே பாத்துட்டு ஆஹா ஓஹோன்னுட்டு போயிட்டாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் சேர முடியல. கட் இல்லேங்கறதால கேமரா ஒவ்வொரு நிமிஷமும் யாராவது ஒருத்தர் கூட மட்டும்தான் இருக்க முடியும், மத்தவங்கள விட்டுத்தான் ஆகணும். யார் கூட நிக்குது, யார விட்டுட்டு போகுதுன்னு பாருங்க, டென்ஷன் மொத்தமும் அங்கதான் கெடக்கு. (ஸ்பாய்லர் தாராளமா வரும், இன்னும் பாக்காதவங்க நேரா கடைசி பாராவுக்கு போயிடுங்க.)

2025 மார்ச் 13 நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த பிரிட்டிஷ் சீரிஸ். ஜேமி மில்லர்னு 13 வயசு பையன், கூட படிக்கிற கேட்டிங்கற பொண்ண கொன்னுட்டான்னு சொல்லி விடியக்காலையில போலீஸ் கதவ ஒடச்சு உள்ள வர்றதுதான் ஆரம்பம். எழுதினது ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும், கிரஹாமே ஜேமியோட அப்பா எடியா நடிச்சிருக்காரு. டைரக்‌ஷன் பிலிப் பாரன்டினி, கேமரா மேத்யூ லூயிஸ். பாரன்டினி, கிரஹாம், லூயிஸ் மூணு பேரும் 2021லயே ஒரு ஹோட்டல் கிச்சன வச்சு ஒரே ஷாட்ல ஒரு முழுப் படம் எடுத்தவங்க, அதனால இது அவங்களுக்கு முதல் தடவ இல்ல.

முதல் எபிசோடுல அந்த கதவு ஒடைக்கிறது, துப்பாக்கி, பையன் பயத்துல படுக்கையிலயே ஒண்ணுக்கு போறது எல்லாம் கொஞ்ச நேரம்தான். அதுக்கப்புறம் வர்றதுதான் கொடும. வழக்கமா போலீஸ் டிராமான்னா கைது பண்ணதும் ஒரு கட், அடுத்த ஷாட்டே விசாரணை ரூம்தான். இங்க அந்த வசதி இல்ல, வேன்ல போகணும், ஸ்டேஷன்ல பேரு கேப்பாங்க, சாப்பாடு வேணுமான்னு கேப்பாங்க, கூட இருக்க யாரு வேணும்னு கேட்டா பையன் அப்பாவ சொல்றான், வக்கீல் வருவாரு, நர்ஸ் வருவாங்க, நாமளும் அந்த காரிடார்லயே அவங்க பின்னாடியே நடந்துகிட்டு இருக்கோம். யாருமே கத்தல, எல்லாரும் மரியாதையாத்தான் பேசுறாங்க, அதுதான் வயித்த இன்னும் கலக்குது.

இதுல ரெண்டு இடம் சொல்லியே ஆகணும். ஒண்ணு, பையன் துணிய கழட்டி சோதனை பண்றப்ப கேமரா அவன் பக்கம் போகவே இல்ல, எடி மூஞ்சியிலயே நின்னுடுது. ஒரு கொழந்தைய அப்படி காட்டக்கூடாதுங்கற நாகரிகம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் அந்த ஒரு நிமிஷத்துல எடிய பத்தி நமக்கு முழுசா தெரிஞ்சிடுது, தடுக்கவும் முடியாம திரும்பிக்கவும் முடியாம நிக்கிற அப்பா. ரெண்டாவது அந்த சிசிடிவி. எபிசோடு முழுக்க கேமரா ஜேமி மூஞ்சிக்கு கிட்டக்கவே இருந்துச்சு, "நான் எதுவும் பண்ணல"ன்னு அவன் சொல்ல சொல்ல நாமளும் நம்பிட்டோம். கடைசில போலீஸ் ஸ்கிரீன்ல ஒரு வீடியோ போடுறாங்க, தூரத்துல எங்கேயோ மேல மாட்டி வச்ச, அசையாத, யார் மூஞ்சியும் சரியா தெரியாத கேமரா. ஒரு மணி நேரமா பக்கத்துலயே இருந்த கேமரா சொல்லாதத இது சில நொடியில சொல்லிடுது. கிட்டக்க போய் பாத்தா உண்மை தெரியும்னு நாம நெனச்சுகிட்டு இருந்தத இப்படி ஒடச்சாங்க பாருங்க, அந்த எடத்துல நான் பாஸ் பண்ணிட்டு எழுந்து போயிட்டேன்.

மூணாவது எபிசோடுக்காகவே சந்தா கட்டலாம். ஏழு மாசம் கழிச்சு, ஜேமி இருக்கற இடத்துக்கு பிரியோனிங்கற சைக்காலஜிஸ்ட் வர்றாங்க (எரின் டோஹர்ட்டி, என்னா நடிப்பு). ஒரு ரூம், ஒரு மேசை, ரெண்டு பேரு, ஒரு சாண்ட்விச், ஒரு ஹாட் சாக்லேட். ரெண்டு பேரு பேசுற சீன எல்லாரும் எடுக்கற மாதிரி எடுத்தா இவங்க ஒரு கேள்வி, கட், அவன் ஒரு பதில், கட்னு டென்னிஸ் மேட்ச் மாதிரி போகும். இங்க கேமரா ஒருத்தர் மேல இருந்தா இன்னொருத்தர் மூஞ்சி நமக்கு இல்லாமப் போயிடும். அவங்க ஒரு கேள்வி கேக்குறாங்க, நமக்கு தெரியறது ஜேமி மட்டும்தான், அது அவங்களுக்கு நெஜமாவே தெரிய வேண்டிய விஷயமா இல்ல பொறியான்னு அவங்க மூஞ்சிய பாத்து கண்டுபிடிக்க வழி இல்ல. மெதுவா கேமரா மேசைய சுத்தி வருது, வந்துகிட்டே இருக்கறப்ப அந்த பையன் சட்டுனு எழுந்து சத்தம் போட்டு, அவங்க தலைக்கு மேல நின்னுகிட்டு பேசுறான் பாருங்க, அது வரைக்கும் கொழந்தையா தெரிஞ்சவன் அந்த ஒரு ஃப்ரேம்ல ஆம்பளையா தெரியறான், அடுத்த நிமிஷமே திரும்ப கொழந்த. வெளிய கட் பண்ணி காத்து வாங்கிட்டு வர நமக்கு வாய்ப்பே இல்ல. அவங்களாச்சும் ஒருவாட்டி ரூம விட்டு வெளிய போய் மூச்சு விடுறாங்க, அப்ப கேமராவும் கூடவே போகுது, உள்ள அவன் இப்ப என்ன பண்ணிகிட்டு இருக்கான்னு தெரியாம நாம நிக்கிறோம்.

இதுல இன்னொரு விஷயம், முதல்ல ஷூட் பண்ணதே இந்த எபிசோடத்தான். ஜேமியா நடிச்ச ஓவன் கூப்பருக்கு அதுக்கு முன்னாடி கேமரா முன்னாடி நின்ன அனுபவமே கெடையாது. நடுவுல அந்தப் பையன் நெஜமாவே கொட்டாவி விட்டுட்டான், எரின் டோஹர்ட்டி சீன நிறுத்தாம, என்ன போரடிக்கிறேனான்னு கேரக்டராவே கேக்குறாங்க, அவன் லேசா சிரிக்கிறான், அது அப்படியே ஃபைனல்லயும் இருக்கு. எடிட்டிங் டேபிள் இருந்திருந்தா போயிருக்கும். அதே வருஷம் செப்டம்பர்ல அந்தப் பையனுக்கு டிவிக்கு குடுக்கற எம்மி விருது கெடச்சுது, 15 வயசு, நடிப்புக்கு எம்மி வாங்கின ஆண்கள்லயே அவன்தான் சின்னவன்.

எடுத்த விதத்த பத்தியும் கொஞ்சம். டிஜேஐ ரோனின் 4டின்னு ஒரு சின்ன கேமரா, ஆட்டத்த சமாளிக்கிற ஜிம்பல் அதோடயே சேந்து வரும், அதனால ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு ஓடுற ஓட்டத்துலயே மாத்தி குடுக்க முடிஞ்சுது. ஒரு எபிசோடுக்கு ஒரு வாரம் ஷூட்டிங், நாளைக்கு ரெண்டு டேக்னுதான் பிளான். முதல் எபிசோடுல நாம பாக்கறது ரெண்டாவது டேக்கே, ஆனா நாலாவது எபிசோடுக்கு 16வது டேக் வரைக்கும் போயிருக்காங்க.

ரெண்டாவது எபிசோடுதான் எனக்கு கொஞ்சம் இடிக்குது. ஸ்கூல், நூத்துக்கணக்குல பசங்க, கிளாஸ் கிளாஸா போலீஸ் ஏறி இறங்குறாங்க, ஒரு பையன் ஜன்னல் வழியா குதிச்சு ஓட கேமராவும் அதே ஜன்னல் வழியா வெளிய போய் தொரத்துது. இங்க டெக்னிக் கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்சிடுது, "எப்படிடா எடுத்தாங்க"ன்னு யோசிக்கிறேன், கதைய விட்டுட்டேன். வகுப்புல வாத்தியாருங்க ஆளாளுக்கு வந்து ஒரு கருத்து சொல்லிட்டு போற மாதிரியும் இருக்கு. கடைசில கேமராவ ட்ரோன்ல மாட்டி ஊருக்கு மேல பறக்க விட்டு, கொலை நடந்த இடத்துல எறக்கி, பூ வைக்க வந்த எடி மூஞ்சியில முடிக்கிறாங்க. எறங்குற ஐடியா முதல்ல பிளான்லயே இல்லயாம், சும்மா மேல பறந்து போறதோட முடிக்கிறதாத்தான் இருந்துச்சாம். எறக்கினதுதான் அந்த ஷாட்ட காப்பாத்துச்சு, இல்லேன்னா வெறும் படம் காட்டுற வேலையா நின்னிருக்கும்.

நாலாவதுல எடியோட 50வது பொறந்தநாளு. எவனோ வேன்ல அசிங்கமா பெயிண்ட் அடிச்சிட்டு போயிருக்கான், குடும்பமே அத அழிக்க பெயிண்ட் வாங்க கெளம்புது. திரும்பி வர்றப்ப வேன்ல ஜேமி போன் பண்றான், குத்தத்த ஒத்துக்கப்போறேன்னு சொல்றான். வேற எந்த சீரிஸா இருந்தாலும் இங்க பையன் மூஞ்சிக்கு கட் பண்ணி கண்ணுல தண்ணிய காட்டியிருப்பாங்க. இங்க கேமராவால வேன விட்டு போக முடியாது, நமக்கு அவன் குரல் மட்டும்தான், முன்னாடி சீட்ல இருக்கற மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாம ரோட்ட பாத்துகிட்டு இருக்காங்க. வளந்த பையன் கைய விட்டு போயிட்டான்னு வசனம் எழுதியிருந்தா கூட இவ்வளவு வந்திருக்காது.

ஒரு வருத்தம். எபிசோடுக்கு எபிசோடு நாளும் மாசமும் தாவுது, கோர்ட்டு கேஸுன்னு நடுவுல நடந்தது எதுவும் நமக்கு கெடையாது, அது பரவால்ல. ஆனா செத்துப்போன கேட்டி வீட்டுக்கு இந்த கேமரா ஒருவாட்டி கூட போகல. எல்லாரும் ஜேமியத்தான் ஞாபகம் வச்சுப்பாங்க, அவள யாரும் வச்சுக்க மாட்டாங்கன்னு பெண் போலீஸ் அதிகாரி மிஷாவே ஒரு எடத்துல பொலம்புறாங்க. அவங்க வாயால சொல்ல வச்சுட்டா கணக்கு சரியாயிடுமா? நாலு ஷாட்ல ஒரு ஷாட்ட அந்த பொண்ணோட அம்மாவுக்கு குடுத்திருக்கலாம்னு எனக்கு இப்பவும் தோணுது.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை ரெண்டாவது எபிசோடுக்கும் கேட்டிக்கும் சேத்து கொறச்சது. வடக்கு இங்கிலாந்து ஸ்லாங் ஓட்டமா இருக்கும், சப்டைட்டில் கண்டிப்பா போட்டுக்கோங்க. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், நடுவுல போன் எடுத்தீங்கன்னா விட்ட எடத்த திரும்ப பிடிக்கறது கஷ்டம், பின்னாடி நிக்கறவங்க மூஞ்சியில கூட ஏதோ நடந்துகிட்டே இருக்கும். நாலையும் ஒரே ராத்திரில பாக்காதீங்க, மூணாவத மட்டும் தனியா ஒரு நாளைக்கு வச்சுக்கோங்க. வீட்டுல ஸ்கூல் போற பையன் இருந்தா நீங்க முதல்ல தனியா பாத்துட்டு அப்புறம் கூட உக்கார வைக்கலாமான்னு முடிவு பண்ணுங்க.