ஈராக் பணி நினைவு நாணயம்: கடையில் கிடைப்பது தேறுமா?

அமெரிக்கப் படையினர் ‘சேலஞ்ச் காயின்’ என்று சொல்லும் நினைவு நாணயங்களில் இரண்டு வகை உண்டு. வெளிநாட்டுப் பணியில் இருக்கும் ஒரு படைப்பிரிவு (யூனிட்), அதாவது ஒரு பட்டாலியனோ கம்பெனியோ, தனக்கென்று அடித்து, கைகுலுக்கும்போது உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பது ஒன்று. ‘ஆபரேஷன் ஈராக்கி ஃப்ரீடம்’ (2003-இல் தொடங்கிய ஈராக் போருக்கு அமெரிக்கா வைத்த பெயர்) என்ற பொதுப்பெயரோடு இணையக் கடைகளில் யாருக்கும் விற்பது இன்னொன்று. இங்கே பார்ப்பது இரண்டாவது வகையை. 1.75 அங்குல விட்டம், 3 மி.மீ. தடிமன், ஒரு பக்கம் ஈராக் வரைபடமும் அங்கே பணியாற்றியோருக்கான பதக்கத்தின் ரிப்பன் நிறங்களும், மறுபக்கம் படைச் சின்னங்கள், மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை. விலை பத்துப் பதினைந்து டாலர். தொலைந்துபோன யூனிட் நாணயத்துக்கு மாற்றாகவும், அங்கே பணியாற்றிய அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பரிசாகவும் பலர் இதை வாங்குகிறார்கள். பரிசுக்குச் சரி. மாற்றுக்குத் தேறாது, அதற்குப் பாதிக் காரணம் உலோகம்.

முதலில் எடை போட்டுப் பாருங்கள். இந்த அளவுள்ள தட்டையான வட்டத்தின் கன அளவு சுமார் 4.65 கன செ.மீ. துத்தநாகக் கலவையில் வார்த்தால் 30 கிராம் பக்கம் வரும். பித்தளையில் அச்சு அடித்தால் 40 கிராமை நெருங்கும். பள்ளங்கள் இருப்பதால் இரண்டிலும் கொஞ்சம் குறையும். விளம்பரத்தில் ‘கனமான உலோகம்’ என்று போட்டிருந்து, தராசு 27, 28 என்று காட்டினால் அது துத்தநாகம்தான். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. அதை அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம். துத்தநாகமும் பித்தளையும் ஒட்டாது, ஆகவே காந்தம் இரும்பை மட்டும்தான் பிடித்துக் கொடுக்கும்.

துத்தநாகம் மோசம் என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. ஓட்டை விட்ட வடிவம், படைவீரர் கழுத்தில் அணியும் அடையாளத் தகடு (‘டாக் டேக்’) வடிவம், பாட்டில் திறப்பான் வடிவம் எல்லாம் வார்ப்பில்தான் சுலபம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. வார்க்கும்போது உள்ளே நுண்ணிய காற்றுத் துளைகள் தங்கிவிடும். அவற்றின் மேல் முலாம் பூசினால், நாளாக ஆக அந்த இடத்தில் சின்னக் கொப்புளம் எழும்பி உரியும், அடியில் சாம்பல் நிறம் தெரியும். ‘24 காரட் தங்க முலாம்’ என்பது பெரும்பாலும் மிக மெல்லிய பூச்சு. சட்டைப்பையில் சாவியோடு கிடந்தால் கழுகின் மூக்கு, எழுத்துகளின் மேடு, விளிம்பு என்ற வரிசையில் தேயும். பித்தளையிலும் முலாம் தேயத்தான் செய்யும். ஆனால் அடியில் வருவதும் மஞ்சள் உலோகம் என்பதால் கண்ணை உறுத்தாது.

நிறத்துக்கு வருவோம், ஏமாற்றம் அதிகம் இங்கேதான். மென் எனாமல் என்றால் நிறம் உலோகக் கோடுகளுக்குக் கீழே பள்ளத்தில் நிற்கும், விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். கடின எனாமலில் நிறத்தையும் உலோகத்தையும் ஒரே மட்டமாகத் தேய்த்து மெருகேற்றுவார்கள். பளபளப்பு உண்டு, தடவ ஒன்றும் இல்லை. பழமைச் சாயல் (பள்ளங்களில் கறுப்பு விடுவது) கொடுப்பதும் அதில் கடினம். கடைகளில் கிடைக்கும் நாணயம் பெரும்பாலும் மென் எனாமல், மேலே எப்பாக்ஸி என்ற தெளிவான பிசின் பூச்சு. நிறம் சில்லுபெயராமல் காப்பதற்கு அது. ஆனால் வெயில் படும் அலமாரியில் வைத்தால் எப்பாக்ஸி மஞ்சளாகும், ஊற்றும்போதே குமிழி மாட்டிக்கொள்ளும், கீறலும் விழும். எல்லாவற்றையும் விட, செதுக்கிய மேடு பள்ளம் முழுவதும் அதன் அடியில் புதைந்துவிடும். கையில் உருட்டிக்கொண்டிருக்கத்தானே இந்தப் பொருள்! எப்பாக்ஸி இல்லாத மென் எனாமல், பழமைச் சாயல் பித்தளை என்று கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அடுத்து, பொறித்திருப்பது சரியா என்று பாருங்கள். ஈராக் பதக்க ரிப்பனில் வெளியோரம் சிவப்பு, பிறகு வெள்ளை, மெல்லிய பச்சை, மறுபடி வெள்ளை, கறுப்பு, நடுவே அகலமாக மணல் நிறம். மலிவு நாணயங்களில் பச்சைக் கோடு காணாமல் போகும், அல்லது நடுப்பகுதி பொன்மஞ்சளாகிவிடும். 2010 செப்டம்பர் 1 அன்று ஈராக் நடவடிக்கையின் பெயர் ‘நியூ டான்’ என்று மாறியது. ஆகவே ‘ஈராக்கி ஃப்ரீடம் 2003–2011’ என்ற பொறிப்பு தவறு. ஆப்கானிஸ்தான் நாணயத்திலும் இதே சிக்கல்தான்: அங்கே ‘எண்ட்யூரிங் ஃப்ரீடம்’ என்ற பெயர் 2015-இல் ‘ஃப்ரீடம்ஸ் சென்டினல்’ என்று மாறிவிட்டது. 2017-இல் அங்கே பக்ராம் விமானத் தளத்தில் இருந்தவருக்கு ‘எண்ட்யூரிங் ஃப்ரீடம் 2017’ என்று கொடுத்தால், வாங்கியவர் சிரித்துக்கொண்டே மேசை டிராயருக்குள் போட்டுவிடுவார்.

கூட வரும் பிளாஸ்டிக் உறையை முதல் நாளே தூக்கிப் போடுங்கள். வளையும் பி.வி.சி. உறையிலிருந்து கசியும் பொருள் உலோகத்தின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். முகாம் கடைகளில் சில்லறைக்குப் பதில் கொடுத்த 5, 10, 25 சென்ட் அட்டை வில்லைகளைப் பத்திரப்படுத்தியிருந்தால், அவற்றையும் இதில் போடாதீர்கள். கடின அக்ரிலிக் கூடுதான் நல்லது. வாங்கும்போது அளவு கவனம்: 1.75 அங்குலம் என்பது 44.45 மி.மீ. ‘சில்வர் ஈகிள்’ வெள்ளி நாணயத்துக்கான கூடு 40.6 மி.மீ.க்கானது, நுழையாது. 45 மி.மீ. உள்விட்டம் பாருங்கள், கயிறு முறுக்கு விளிம்பு உள்ள தடித்த நாணயமென்றால் ஆழத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அழுக்கானால் வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு சோப்பு, மென்துணியால் ஒற்றி எடுத்தல், அவ்வளவே. பித்தளைதானே என்று புளி போட்டுத் தேய்த்தால் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்ட கறுப்புச் சாயல் முழுக்கப் போய், முகமும் எழுத்தும் அடையாளம் தெரியாமல் வெளிறிவிடும். துளை போட்டுச் சாவிவளையத்தில் மாட்டவும் கூடாது. ‘சேலஞ்ச்’ பந்தயத்தில் ஒருவர் தன் நாணயத்தை எடுத்து வைத்ததும் மற்றவர்களும் வைக்க வேண்டும், வைக்க முடியாதவர் பானம் வாங்கித் தர வேண்டும். அங்கே துளைத்த நாணயத்தை மேசை மேல் வைத்தால் செல்லாது என்பது படையினரிடையே பழைய விதி. அந்தச் சுற்று பானச் செலவு வைத்தவர் தலையில் விழும்.

யூனிட் நாணயம்தான் வேண்டும் என்றால் வழி வேறு. பழைய தோழர்களின் சங்கத்தில் கேட்டு, அதை அடித்த நிறுவனம் எது, அச்சு இன்னும் கையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அச்சு இருந்தால் அதற்கான தனிக் கட்டணம் மிச்சம். குறைந்தபட்ச ஆர்டர் பொதுவாக 50 அல்லது 100 என்பதால் ஒருவராகச் செய்வது கட்டாது, பத்துப் பேர் சேர வேண்டும். புது அச்சு செய்வதானால் மின்னஞ்சலில் வரும் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உண்மை அளவில் தாளில் அச்செடுத்துப் பாருங்கள். 1.5 மி.மீ.க்குக் குறைவான எழுத்து எனாமலில் அடைந்துபோகும். இறந்தவர்களின் பெயர்களைச் சேர்ப்பதாக இருந்தால் அந்தப் பக்கத்தில் நிறமே வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.