அடுப்படிச் சுவருக்கு மலிவு எமல்ஷனா, கழுவுகிற எமல்ஷனா, ஆயில் பெயிண்டா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு அடுப்படிக்கு மூன்று வருடத்துக்குள் இரண்டு முறை பெயிண்ட் அடித்தாயிற்று. முதல் முறை, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் வாங்கிய அதே மலிவு எமல்ஷன். "மேடைக்கு மேல ரெண்டடி டைல்ஸ் இருக்குல்லக்கா, அதுக்கு மேல இதுவே போதும்" என்றார் பெயிண்டர். வாளியில் மிச்சம் வேறு இருந்தது. சரி என்றேன்.

எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதுநகரிலிருந்து வாங்கி வந்த வஞ்சிரத்தை மாமியார் வறுத்தார். எண்ணெய் டைல்ஸைத் தாண்டி ஒரு முழம் மேலே வரை தெறித்தது. சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்தேன். எண்ணெய் அப்படியே இருந்தது, துணியில் வந்தது சுவர்தான். விடாமல் துணி சோப்பு போட்டுத் தேய்த்ததில், மசாலாவின் மஞ்சள் பட்ட இடமெல்லாம் சிவந்துபோயிற்று. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவக்குமே, அதே சங்கதிதான். சோப்பிலும் காரம் இருக்கிறது.

இதில் பெயிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எமல்ஷன் என்றால் தண்ணீரில் கலந்த பிசின், நிறமி, கூடவே சுண்ணக்கல் மாவு. மலிவு ரகத்தில் பிசின் குறைவு, மாவு அதிகம். காய்ந்ததும் பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் அத்தனை மாவையும் இறுகப் பிடிக்க அந்தப் பிசின் போதாது. சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். எண்ணெய் உள்ளே இறங்கிவிடும், ஈரத்துணி பட்டால் மாவு உதிரும். பதமாகத் தேய்த்தாலும் அந்த இடம் மட்டும் வழவழவென்று மின்னி, கறையைவிட அசிங்கமாகத் தெரியும். உங்கள் வீட்டில் இருப்பது எந்த ரகம் என்று தெரியாவிட்டால், கறுப்புத் துணியை நனைத்து ஒரு மூலையில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். துணி வெளுத்தால் அடுப்படிக்கு ஆகாது.

இரண்டாம் முறை யோசித்தது இரண்டைப் பற்றி: ஆயில் பெயிண்ட் என்று நாம் சொல்கிற எனாமல், லேசான மினுமினுப்போடு வரும் கழுவக்கூடிய எமல்ஷன்.

என் அம்மா வீட்டில், மஞ்சக்குப்பத்தில், அடுப்படிச் சுவரில் இடுப்பளவுக்கு எப்போதும் எனாமல்தான். துடைப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வாசம் இரண்டு மூன்று நாளைக்குப் போகாது. பெயிண்டை இளக்கக் கலக்கிற தின்னரின் ஆவி இருக்கும்போது அடுப்பும் பற்றவைக்கக் கூடாது. வெள்ளை நிற எனாமல் அடித்தால், வெளிச்சம் படாத மூலைகள் நாளாக நாளாகப் பழுப்பேறும். எல்லாவற்றையும்விட, நம் ஊர்ச் சுவர் ஈரத்தை விடுகிற சுவர். ஐப்பசி, கார்த்திகையில் கடல் காற்றும் மழையும் சேர்ந்தால் வெளிப்பக்கச் சுவர் குடித்த ஈரம் உள்பக்கமாக வரப் பார்க்கும். எனாமல் அதற்கு வழி விடாது, கொப்பளித்துக்கொண்டு உரியும். அம்மா வீட்டில் சிங்க் பக்கத்துச் சுவர் அப்படித்தான் அப்பளம் போல் எழும்பி நிற்கிறது.

அதனால் கழுவக்கூடிய எமல்ஷன். லிட்டர் விலை மலிவு ரகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கடையில் கேட்டதும் பின்வாங்கத்தான் தோன்றியது. ஆனால் எங்கள் அடுப்படியில் டைல்ஸ், ஜன்னல், அலமாரி போக மிச்சச் சுவர் 220 சதுர அடிதான். இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர் போதும். பெயிண்டில் கூடுதலாகப் போன பணம், பெயிண்டரின் இரண்டு நாள் கூலியைவிடக் குறைவு. கூலி எந்தப் பெயிண்டுக்கும் ஒன்றுதான். மலிவாக அடித்து மூன்று வருடத்துக்குள் இன்னொரு முறை ஆளைக் கூப்பிட்டால், அந்தக் கூலி மறுபடியும். அதோடு டப்பாக்களை எல்லாம் இறக்கி, அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றி, இரண்டு நாள் ஓட்டல் சாப்பாடு. மாமியாருக்கு ஓட்டல் சாம்பார் ஆகவே ஆகாது. அந்தப் புலம்பலுக்கும் ஒரு விலை போட வேண்டும்.

இதிலும் குறை இருக்கிறது. மினுமினுப்பு சுவரின் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும், சுவரைச் சமப்படுத்தும் பட்டியை ஒழுங்காகப் பார்த்து உப்புத்தாள் போடாவிட்டால் மானம் போகும். ஓரிடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் திட்டாகத் தெரியும். அடித்த முதல் மாதம் அழுத்தித் துடைக்கவும் கூடாது. எங்கள் வீட்டில் இது ஒன்றரை வருடம், ஒரே ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. இதுவரை வாரம் ஒரு முறை பாத்திரம் கழுவுகிற திரவத்தைத் தண்ணீரில் கலந்து துடைக்கிறேன், நிறம் போகவில்லை. ஐந்து வருடம் தாங்கும் என்று இப்போதே எழுதிக்கொடுக்க மாட்டேன்.

சீலிங்குக்கு மலிவு எமல்ஷனையே விட்டுவிட்டேன், அங்கே யாரும் துணி போடப்போவதில்லை. புதுச்சேரி இலாசுப்பேட்டையில் அண்ணன் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கும் அதுதான் சரி. குடித்தனம் மாறும்போதெல்லாம் அவர் எப்படியும் அடிக்கத்தான் போகிறார்.

எண்ணெய் குடித்த பழைய சுவர் என்றால், எந்த நல்ல பெயிண்டையும் நேராக அதன்மேல் அடிக்காதீர்கள். கறை அடியிலிருந்து மேலே ஏறிவிடும். நாங்கள் சலவை சோடா கலந்த வெந்நீரில் இரண்டு முறை கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடுப்புக்கு நேர் மேலே இருந்த பகுதிக்கு மட்டும், பெயிண்டுக்கு அடியில் போகிற ஆயில் பிரைமர் கொடுத்த பிறகுதான் எமல்ஷன் அடித்தோம். ஜன்னல் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்டர் பிரைமரை விட்டுவிட்டார். அங்கே இரண்டாவது வாரமே பழைய வஞ்சிரம் எட்டிப்பார்த்தது.