தொங்கவிட்ட விளக்கும் ஒன்றரை வருடமும்

மீன்களோடு நீர்ச்செடிகளும் வளர்க்கும், மூடி இல்லாத 60 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டிக்கு எந்த விளக்கு வாங்குவது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதை எங்கே தொங்கவிடுவது என்று மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பினாங்கு ஜெலுத்தோங்கில் பழைய அடுக்குமாடி வீடு. ஹாலில் பிளாஸ்டர் சீலிங். துளை போட வந்த மாமா, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்டா, ஒரு நாள் விளக்கு, சீலிங் எல்லாம் சேர்ந்து மீன் மேல விழும்" என்றார். அதனால் தொட்டி மேசையின் பின்னால் ஓர் அலுமினியக் குழாயை நிறுத்தி, முன்பக்கம் வளைத்து, இரண்டு எஃகுக் கம்பிகளில் விளக்கைக் கட்டினோம். அன்று அது சமாளிப்புதான். ஆனால் உயரத்தை இஷ்டம்போல் மாற்ற முடிந்தது அதனால்தான்.

முதலில் தண்ணீருக்கு மேலே 15 சென்டிமீட்டர். பளிச்சென்று இருந்தது, நடுவில் மட்டும். இரண்டு ஓரமும் மங்கல். மூன்றாவது வாரம் அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலைகளில் பச்சைப் புள்ளிப் பாசி. செடிகளுக்காகத் தண்ணீரில் விடும் கரியமில வாயுக் குமிழ்கள் மேலே வந்து உடைந்து தெறித்ததில் விளக்கின் அடியெல்லாம் வெள்ளைக் கறை.

சரி என்று 45-க்கு ஏற்றினேன். ஒளி பரவலானது, பாசியும் அடங்கியது. ஆனால் முன்பக்கக் குட்டைச் செடிகள் தரையில் படராமல் மேலே நீண்டன, ரோட்டாலா என்ற உயரமான தண்டுச் செடியின் சிவப்பு வெளிறியது. பின்சுவர் சினிமாத் திரை மாதிரி வெளுத்துத் தெரிந்தது. நாற்காலியில் இருந்த அம்மா, "நான் சீரியல் பார்க்கிறதா, உன் விளக்கைப் பார்க்கிறதா?" என்று கேட்டார். நியாயம்தான்.

இப்போது 28. நாற்காலிப் பக்கம் கறுப்புச் சாயம் பூசிய தகடு ஒன்றை விளிம்பில் மாட்டியிருக்கிறேன். மேல்பக்கத்தை மூடவில்லை, சூடு வெளியேற வேண்டும். விளக்கு எரியும் நேரத்தையும் ஒன்பது மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்தேன். மாலை 4 முதல் இரவு 10 வரை.

உயரத்தைவிட எனக்குப் பாடம் கற்பித்தது முன்பின் நகர்த்தல். விளக்கு நட்டநடுவில் இருந்தபோது, பின்னால் வளர்ந்த ரோட்டாலா நீர்மட்டத்தில் வளைந்து தன் காலடியையே இருட்டாக்கி, கீழ் இலைகளை உதிர்த்தது. ஆறு சென்டிமீட்டர் முன்னால் இழுத்த பிறகு நிழல் சுவர்ப்பக்கம் விழுகிறது, தண்டின் அடிவரை இலை நிற்கிறது. பதிலுக்கு, பாசி படியும் முன்கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். துடைத்துவிட்டுப் போகிறேன்.

கம்பிகளில் தங்கையின் நகச்சாயத்தால் அடையாளம் வைத்திருக்கிறேன். செடி வெட்ட விளக்கை ஏற்றிவிட்டு, அப்புறம் அந்தச் சிவப்புப் புள்ளிக்கே இறக்குவேன். அதற்கு முன் ஒருமுறை ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததை நான்கு நாள் கவனிக்கவில்லை. மின்கம்பி பிளக்கைவிடத் தாழத் தொங்கி மேலேறும்படி விட்டிருக்கிறேன். வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இப்போதைய பிரச்சினை ஹைக்ரோபிலா என்ற இன்னொரு செடி. தண்ணீரை விட்டு வெளியே வந்து, ஊதாப் பூ விட்டிருக்கிறது. நுனிக்கும் விளக்குக்கும் நான்கு விரல் இடைவெளிதான். வெட்டலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறார்.