பழைய டபுள் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? குழல் புதிதாக மின்னினால் கொஞ்சம் நில்லுங்கள்

தென்னாப்பிரிக்காவில் பழைய டபுள் ரைஃபிள், அதாவது இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி, தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 1,60,000 ரேண்ட் கொடுத்து ஏமாந்திருக்கிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை.

லிம்போபோ பக்கம் காட்டெருமை வேட்டைக்கு ஒருமுறையாவது டபுளோடு போக வேண்டும் என்பது பல வருட ஆசை. புதிதாக வாங்க எனக்கு வசதி இல்லை. லண்டனில் சைட்லாக் (சுடும் விசையைப் பக்கத் தகடுகளில் பொருத்திய உயர்ரகம்) ஒன்று செய்யச் சொன்னால் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டிவிடும், விசை உள்ளேயே அடங்கிய எளிய வகையான பாக்ஸ்லாக், அதுவும் ஜெர்மனியில் செய்ததே 10,000 டாலருக்கு மேல். அதனால் பர்மிங்காமில் செய்த .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய தோட்டாவுக்கான பழைய பாக்ஸ்லாக் ஒன்று ஒரு கடைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். குழல் கருநீலத்தில் கண்ணாடி போல மின்னியது. புதிதாக நிறம் ஏற்றியிருக்கிறோம், ரெகுலேஷன் (இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி ஒத்திசைத்தது) கச்சிதம் என்று சொல்லி, இரண்டு குழலின் ஓட்டைகளும் ஒட்டி ஒட்டி விழுந்திருந்த இலக்குத் தாள் ஒன்றையும் கடைக்காரர் காட்டினார். எத்தனை மீட்டரில் சுட்டது என்று நான் கேட்கவில்லை.

இங்கே லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி கடைக்காரரின் பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும். முழுப் பணத்தையும் கட்டிவிட்டு 5 மாதம் காத்திருந்தேன். கைக்கு வந்த வாரமே சுடுதளத்துக்குப் போய் 50 மீட்டரில் சுட்டால், வலது குழல் ஒரு பக்கம், இடது குழல் ஒரு பக்கம், நடுவில் 23 செ.மீ. மூன்று ஜோடி சுட்டும் அதே கதை.

டபுளின் விலையில் பெரும்பங்கு இந்த ரெகுலேஷனுக்குத்தான். வலது குழல் வெடிக்கும்போது துப்பாக்கி வலப்பக்கம் உதைக்கும், இடது குழல் வெடித்தால் இடப்பக்கம். அதைச் சரிக்கட்ட இரண்டு குழலையும் முன்னால் லேசாக நெருங்கும்படி வைத்து, சுட்டுப் பார்த்து, நடுவில் இருக்கும் ஆப்பை நகர்த்தி, திரும்ப ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுபடி சுட்டு என்று இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை செய்வார்கள். அதுவும் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு மட்டும். .470க்கு வழக்கமானது 500 கிரெய்ன் எடையுள்ள குண்டு, நொடிக்கு 2,150 அடி வேகம். வேகம் குறைந்தால் குண்டுகள் விலகும், கூடினால் குறுக்கே போகும். என்னிடம் இருந்தது சரியான தோட்டாதான்.

அப்புறம் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் குழல்களைக் கழற்றி, கயிற்றில் தொங்கவிட்டு ஒரு மரக்குச்சியால் தட்டினார். மணி மாதிரி ஒலிக்க வேண்டும். விரிசல் விட்ட பானை மாதிரி ‘டொக்’ என்றது. குழல்களை இணைக்கும் பட்டை கழன்றிருக்கிறது. காரணம் அந்தப் பளபளப்பு. டபுள் குழலுக்கு மெதுவாகத் துருவேற்றித்தான் நிறம் கொடுக்க வேண்டும், யாரோ செலவை மிச்சம் பிடிக்கச் சூடான காரக் கரைசலில் முக்கியிருக்கிறார்கள். அது ஈயத்தைத் தின்றுவிடும், உள்ளே தங்கும் உப்பு பட்டைக்கு அடியில் துருவைக் கிளப்பும்.

கடைக்காரரிடம் போனால், இது வேறொருவர் விற்கச் சொல்லி வைத்த பொருள், ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, இருக்கிற நிலையில் எடுத்துக்கொண்டீர்கள் என்கிறார். இலக்குத் தாள் 20 மீட்டரில் சுட்டதாம், அதையும் அப்போதுதான் சொல்கிறார். குழலைப் பிரித்துச் சேர்த்து ரெகுலேட் செய்ய 70,000 ரேண்ட் கேட்கிறார்கள்.

பணத்தை விட என்னைப் பதற வைப்பது வேறு. சாதாரண ரைஃபிள் மாதிரி ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுக்காமல் நொடியில் அடுத்த குண்டு போகும் என்பதற்காகத்தானே டபுளைத் தூக்கிக்கொண்டு போகிறோம். இதைச் சுட்டுப் பார்க்காமல் வேட்டைக்குக் கொண்டுபோயிருந்தால், காயம்பட்டுப் புதருக்குள் நுழைந்த எருமைக்கு முன்னால் முதலில் நிற்பது தடம் பார்த்துக் கூட்டிப்போகும் ஆள். அவர் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அதனால் கடைக்காரர் என்ன சொன்னாலும் குழலைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை எடுத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள், கீலில் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடைக்காரரின் சுடுதளத்திலேயே 50 மீட்டரில் உங்கள் கண் முன்னால் இரண்டு குழலையும் சுடச் சொல்லி, அந்தத் தாளில் தேதி, தூரம், தோட்டா எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அதற்கு அப்புறம் பணம். கௌட்டெங் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், நானே கூட வந்து தட்டிப் பார்க்கிறேன்.