கவானா ஃபூஜி மைதானத்தில் ஆட முன்பதிவு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜப்பானின் இசு தீபகற்பத்தில், இத்தோ நகரில் உள்ள கவானாவுக்குக் கோல்ஃப் ஆடப் போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டவருக்குக் கோல்ஃப் பயணம் ஏற்பாடு செய்து தரும் ஓர் இணையதளத்திடம் 1,40,000 யென் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அங்கே ஒரே விடுதிக்கு இரண்டு மைதானங்கள் உண்டு. ஒத்தானி கோமியோ வடிவமைத்து 1928இல் தொடங்கிய ஓஷிமா ஒன்று. ஆங்கிலேயரான சார்லஸ் ஹியூ அலிசன் வடிவமைத்து 1936இல் திறக்கப்பட்ட ஃபூஜி மற்றொன்று. சகாமி விரிகுடாவின் பாறைக்கரையை ஒட்டி ஏறி இறங்கும் அந்த ஃபூஜி மைதானத்தில் ஒருமுறையாவது ஆட வேண்டும் என்பது என் அண்ணனின் நெடுநாள் ஆசை. ஆழமான மணற்குழிகளை ஜப்பானியர் இன்றும் ‘அலிசன் பங்கர்’ என்றே சொல்கிறார்கள் என்றால், அந்த மனிதரின் கைவண்ணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தளத்தின் பிரதிநிதி அலிசனைப் பற்றி எங்களுக்கே பாடம் நடத்தினார். கடலோரமாகச் செல்லும் பதினைந்தாவது குழியின் படத்தை அனுப்பி, அங்கே காற்றைக் கணித்து அடிக்கும்படி அறிவுரையும் சொன்னார். இவ்வளவு தெரிந்தவரை எப்படிச் சந்தேகிப்பது? அன்றே 1,40,000 யென்னையும் கட்டினோம். வந்த ரசீதில் ‘கவானா, 18 குழிகள், இருவர்’ என்று மட்டுமே இருந்தது.

ஆடப் போன அன்று விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, எங்கள் பெயருக்கு எதிரே இருந்த ‘ஓஷிமா’ என்ற சொல்லின் மேல் விரல் வைத்துக் காட்டினார். தன்மேல் பிழை இல்லாதபோதும் குனிந்து வருத்தம் தெரிவித்தார். ஃபூஜியில் அன்று இடமே இல்லை. அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார்.

உடனே தளத்தை அழைத்தேன். இன்று ஓஷிமாவில் ஆடிவிடுங்கள், வித்தியாசத் தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று வாய்மொழியாக உறுதி தந்தார்கள். ஆடி முடித்துத் திரும்பிய பிறகு, சேவையைப் பெற்றுக்கொண்டுவிட்டதால் பணம் திரும்பாது என்று மின்னஞ்சல் வந்தது. மறுபடி கேட்டதற்கு உள்ளூர் முகவரைக் கைகாட்டினார்கள். முகவரோ தளத்தையே கைகாட்டினார். இரண்டுமே கவானாதானே என்பது கடைசியாக வந்த பதில். 1,40,000 யென் வாங்கியவர்கள் சொல்லும் பதிலா இது? ஓஷிமா நல்ல மைதானம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாங்கள் அதற்காகப் பணம் கட்டவில்லை.

என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், வங்கிக்குப் புகார் அனுப்பும் வேலை நிற்கிறது. ரசீதில் ‘ஃபூஜி’ என்ற பெயர் இல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால், புறப்படும் முன் விடுதிக்கே நேராக எழுதி, எந்த மைதானம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்காமல் வேறு மைதானத்தில் இறங்காதீர்கள். பதினைந்தாவது குழியின் அதே படம் அந்தத் தளத்தின் விளம்பரத்தில் இப்போதும் இருக்கிறது.